சின்ன அறைக்கு நீலம்

"அம்மா, இன்னைக்காவது சொல்லிடுங்க. கலக்கி வச்ச சுண்ணாம்பு வீணாப் போயிடும்," என்றார் வெள்ளையடிக்க வந்த கன்னையா.

சந்திரகலா முன்னறையிலிருந்து சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து மறுபடி முன்னறைக்கே வந்தாள்.

நான்கு அறைகள். மூன்றே நிறங்கள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு கிள்ளானில் எந்தக் கடையிலும் பெயிண்ட் கிடையாது. சுண்ணாம்பில் நீலம் கலக்கலாம், மஞ்சள் காவி கலக்கலாம், இல்லாவிட்டால் வெறும் வெள்ளை. மூன்றையும் ஒரு பலகையில் பூசிக் காட்டிவிட்டு மூன்று நாளாகக் காத்திருக்கிறார் கன்னையா.

சந்திரகலா கேரி தீவில் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள். ஒரே அறையில் ஏழு பேர் படுத்து வளர்ந்தவள். கல்யாணமான எட்டாம் மாதம் புருஷன் தம்புசாமி இந்த வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து கையில் வைத்தபோது, அறைக்கு ஒரு நிறமாக அன்றைக்கே மனதுக்குள் பூசி முடித்துவிட்டாள்.

குடிவந்த பிறகுதான் ஒன்றும் ஓடவில்லை.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. ஜன்னலைத் திறந்தால் சாத்தத் தோன்றியது. சமையலறை அலமாரியில் தன் வீட்டுக்குப் பழக்கமில்லாத ஒரு வாசனை, எத்தனை தடவை கழுவியும் போகாமல் இருந்தது.

"யாரு வீடுங்க இது?" என்று முதல் நாளே கேட்டிருந்தாள்.

"யாரோ சீனனோடது. பினாங்குப் பக்கம் ஓடிட்டானாம். ஆபீஸ்ல குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். நான் இந்தத் தெருப் பக்கமே வந்ததில்ல."

தம்புசாமி ஜப்பானியர் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. அந்த வேலை இருப்பதால்தான் அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேரும் போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடிபடாமல் இன்னும் தோட்டத்தில் இருக்கிறார்கள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய மேலதிகாரி விருந்துக்கு வருகிறார். அதற்குள் சுவரெல்லாம் காய்ந்திருக்க வேண்டும்.

இன்று கன்னையாவோடு வாளி தூக்கவும் சுவர் சுரண்டவும் ஒரு சீனப் பெண் வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கோணிச் சாக்கில் தைத்த சட்டை. வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. நேராகக் கடைசியில் இருந்த சின்ன அறைக்குப் போய்ப் பழைய பூச்சைச் சுரண்டத் தொடங்கிவிட்டாள்.

சந்திரகலா அந்த அறை வாசலில் போய் நின்றாள். ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

"அண்ணே, இதுக்கு மஞ்சளே பூசிடுங்க," என்று குரல் கொடுத்தாள். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் போதும் என்று இருந்தது.

சுரண்டும் சத்தம் நின்றது.

"மஞ்சள் வேணாம்," என்றாள் சீனப் பெண், தமிழில். கடையில் ஆட்களோடு பேசிப் பழகிய தமிழ். "மூணு மணிக்கு வெயில் கட்டில் வரைக்கும் வரும். மஞ்சள் கண்ணு கூசும். பிள்ளை தூங்காது. நீலம் பூசு."

சொல்லிவிட்டு மறுபடி சுரண்டினாள்.

சந்திரகலா அறையை ஒரு தடவை பார்த்தாள். அங்கே கட்டில் இல்லை. இந்த வீட்டில் பிள்ளையும் இல்லை.

விறுவிறுவென்று கன்னையாவிடம் போனாள். "அண்ணே, அவங்களை எங்க புடிச்சீங்க?"

"தானா வந்தாங்கம்மா. பாசார்ல பார்த்து, எந்த வீட்டு வேலைன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டு வந்தாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "புருஷனை ஜப்பான்காரன் லோரியில ஏத்திட்டுப் போனவன் திருப்பி விடலையாம். வீடும் போச்சாம். எந்த வீடுன்னு நான் கேட்டுக்கல."

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. தம்புசாமி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான்.

அந்தப் பெண் அவனைப் பார்த்துக் கத்தினால்? இவன் அவளைப் பிடித்துக் கொடுத்துவிட்டால்? சந்திரகலா ஓடிப்போய்ச் சின்ன அறைக் கதவைச் சாத்தப் பார்த்தாள். அதற்குள் அவன் பின்னாலேயே வந்துவிட்டான்.

"என்ன கலா, கலர் முடிவாயிடுச்சா?"

கேட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

சீனப் பெண் திரும்பினாள். புருவத்தில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது. அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பு," என்றாள். "மக்கான் ஆச்சா?"

சாப்பாடு ஆயிற்றா என்றுதான் கேட்டாள். ஒவ்வொரு நாளும் இதே நேரத்துக்கு, இதே வீட்டில், பல வருஷம் தன் கடை ஆளிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய குரலில்.

தம்புசாமியின் கை தானாக மேலே போய்த் தொப்பியைக் கழற்றியது.

"ஆச்சுங்கம்மா," என்றான்.

சந்திரகலா சமையலறைக்குப் போனாள். மரவள்ளிக்கிழங்கு கலந்த சோறு இன்னும் சூடாக இருந்தது. இரண்டு தட்டுகளை எடுத்தாள்.

ஒன்றைத் திரும்ப வைத்தாள். மற்றதில் சோற்றைப் போட்டுக்கொண்டு, புருஷனைத் தாண்டிச் சின்ன அறைக்குள் போனாள்.