பூட்டிய மண்டபத்தின் ஈரம்

மக்கள் பார்க்க வரும் இந்தப் பழைய அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கதவுகள் பூட்டியிருக்கும். ஆனாலும் செவ்வாய் காலையில் பெரிய மண்டபத்தின் மரச்சுவர் நனைந்திருந்தது. மூன்று வாரமாக இப்படி. பலகை வெடித்தால் என் வேலை போய்விடும்.

அங்குள்ள காற்றை உலர்த்தும் பொறி எளிமையானது. ஒரு மனிதரிடமிருந்து மணிக்கு ஐம்பது கிராம் நீர் காற்றில் கலக்கும். எத்தனை பேர் என்று சொன்னால் அவ்வளவு நீரையும் பொறி உறிஞ்சிவிடும். விடுமுறையன்று பூஜ்யம் என்று வைப்பேன். கூரையிலும் குழாயிலும் கசிவில்லை. ஆனால் காற்றில் மணிக்கு முந்நூற்றைம்பது கிராம் நீர் மிகுந்தது.

காவல் பணியிலிருக்கும், காங்கோவின் கின்ஷாசா நகரிலிருந்து வந்த பெண்மணி ந்சிம்பா என் தாளை எட்டிப் பார்த்தார்.

"என்ன இன்ஜினியர் சார், வகுத்தல் மறந்துபோச்சா?"

"ஏழு வருது மேடம். பூட்டுன மண்டபத்துல ஏழு பேரா?"

"1897 கண்காட்சிக்குத்தானே அப்போ எங்க காங்கோவ ஆண்ட உங்க ராஜா இந்தத் தூணெல்லாம் எழுப்புனாரு? வேடிக்கை காட்ட காங்கோலேருந்து இருநூத்தி அறுபத்தேழு பேரக் கூட்டிட்டு வந்தாரு. குளிர்ல காய்ச்சல் கண்டு ஏழு பேரு இங்கேயே செத்துப்போயிட்டாங்க."

"சும்மா பயமுறுத்தாதீங்க."

"நானா? கணக்குப் போட்டது நீங்க."

அடுத்த திங்களன்று, மண்டபம் காலி என்று பார்த்துப் பூட்டியபின், ஆட்களின் எண்ணிக்கையை ஏழு என்று வைத்தேன். செவ்வாய் காலை சுவர் உலர்ந்திருந்தது.