எழுநூற்றிருபதில் கஸ்தூரி

இறந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கோர் அலைவரிசை என்று ஆன பிறகு, ரேடியோ மெக்கானிக் தணிகாசலம் கடையில் ஈ ஓட்டிய காலம் மலையேறிவிட்டது.

“எங்க வீட்டுக்காரர் போய் பதினோரு நாள்தான் ஆகுது. அவர் பேசற எடத்துல ஒரே கரகரப்பு,” என்றாள் எஸ்தர்.

அவளுடைய பழைய ரேடியோவைத் திறந்தார். நிலையம் பிடிக்கும் கண்டன்சரின் தகடுகளுக்கிடையே தூசி அப்பியிருந்தது. பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைத்துப் பொருத்தியவர், முள்ளை எழுநூற்றிருபதில் நிறுத்தினார்.

“ஏங்க, சாப்ட்டீங்களா?” என்றது ஒரு பெண்குரல்.

தணிகாசலம் ஸ்பீக்கரில் காதை வைத்து, குமிழை மயிரிழை அளவு அப்படியும் இப்படியும் திருப்பினார்.

“துண்ட எடுத்துட்டுப் போங்க, வெயிலு கொளுத்துது.”

“யாருங்க இவங்க?” என்றாள் எஸ்தர்.

“என் சம்சாரம் கஸ்தூரி. எல்லா செட்டையும் இவள வச்சுத்தான் செக் பண்றது. நாள் பூரா வருவா. துளி கரகரப்பு இருந்தாலும் தெரிஞ்சிடும்.”

“மாத்திரை போட்டீங்களா?”

“கேக்கறாங்களே... பதில் சொல்ல மாட்டீங்களா?”

“மொத வருஷம் சொல்லிட்டுத்தாம்மா இருந்தேன்.”

குரல் அடுத்த கேள்வியைத் தொடங்கியபோது ரேடியோவை அணைத்தார். ஒயரைச் சுற்றி எஸ்தரிடம் நீட்டினார்.

“சுத்தமா இருக்கு. எடுத்துட்டுப் போங்க.”