குழல் வாயில் செம்மண்

துப்பாக்கியின் வாயை யாரோ செம்மண் வைத்துப் பூசியிருந்தார்கள்.

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். யாரோ இல்லை. குளவி.

சரிதான். வேறு இடமே கிடைக்கவில்லையா அதற்கு?

கம்பெனிக் காலத்துத் துரை ஒருவர் மான் வேட்டைக்கு வைத்திருந்த துப்பாக்கி. சிக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறந்தால்தான் வெடிக்கும். நாளைக் காலை அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் போக வேண்டும். அதற்குள் சுத்தம் செய்து, அதன் நிலைமையை எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

கட்டை: கறையான் அரித்த தழும்பு.
விசை: துரு. அசையவில்லை.
கல்: தேய்ந்திருக்கிறது. இடத்தில் இருக்கிறது.
குழல்:

அங்கே பேனா நின்றது.

அறை உதவியாளர் ஞானமணி எட்டிப் பார்த்தார்.

"குளவி கூடு கெட்டியிருக்கு. வீட்டுல பிள்ளை உண்டாகும்னு சொல்லுவாவ. கலைக்கப்பிடாது."

"இது ஆபீஸ், அக்கா."

"காலையில வந்தா பொழுதடைய இங்கனதான கெடக்கிய. பொறவு எது வீடு?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மூன்று மணிக்கு மருத்துவமனையிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வார்கள். இதற்கு முன் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள். இரண்டு முறையும் "சாரி மேடம்" என்றுதான் தொடங்கினார்கள்.

அவள் வேதியியல் படித்தவள். குளவிக்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை.

பித்தளை ஊசியை எடுத்தாள். மண் காய்ந்து இரண்டு நாள்கூட இருக்காது. ஒரு குத்து போதும்.

குத்த மனம் வரவில்லை. கூட்டை உடைத்த கையால் போனை எடுக்கப் பயமாக இருந்தது.

ஊசியைக் கீழே வைத்தாள்.

போன் அடித்தது.

ஞானமணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, துடைத்த அலமாரியையே மறுபடி துடைத்தார்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தச் "சாரி" வரவில்லை. கடைசி வரைக்கும் வரவில்லை.

"சரிங்க" என்றாள். அதையே இன்னும் மூன்று முறை சொன்னாள்.

போனை வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பேனாவை எடுத்தாள்.

குழல்: கூடு உள்ளது. உடைக்க வேண்டாம்.

கையெழுத்துக் கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

"அக்கா," என்றாள், "நாளைக்குக் கண்ணாடிய முழுசா மூடிராதீங்க. ரெண்டு விரக்கடை விடுங்க. அது வெளிய வரணும்லா."