சம்பந்தப்பட்டவர் நேரில் வரவும்

"எனக்கில்ல மேடம். என் ரூம்மேட்டுக்கு" என்றாள் அந்த மாணவி. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. கடித்துக் கடித்து, நகம் இருந்த இடத்தில் சதைதான் தெரிந்தது.

ஆலோசகர் சிரிப்பை உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். பல்கலைக்கழகத்தின் மனநல மையத்தில் அவர் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதே வசனத்தைப் பேசிவிட்டார்கள். தனக்கென்று சொல்லிக்கொண்டு வந்தவர் ஒருவரும் இல்லை.

அவருடைய அப்பா ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தவர். அங்கே தலைக்குச் சாயம் கேட்டு வந்தவர்களும் இப்படித்தான். அண்ணனுக்கு என்பார்கள், மாமனாருக்கு என்பார்கள். அப்பா மறுத்துப் பேச மாட்டார். அண்ணனுக்கு எவ்வளவு நரைத்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே, எதிரில் நிற்பவர் தலையை அளவெடுத்துவிடுவார். வியாபாரம் சுபமாக முடியும்.

மகளும் அதே தராசைத்தான் பிடித்தார். "சரிம்மா. உன் ரூம்மேட்டுக்கு என்ன பண்ணுது?"

மாணவி மளமளவென்று கொட்டினாள். ரூம்மேட் வகுப்புக்குப் போயே ஒரு மாதம் ஆகிறதாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் படுத்ததுதானாம். குளிப்பதில்லை, தலை வாருவதில்லை. கொண்டுவந்து வைக்கிற சாப்பாடு தட்டிலேயே காய்ந்துபோகிறதாம். சொல்லிக்கொண்டே, இறுகப் பின்னியிருந்த தன் சடையை முன்னால் இழுத்துப்போட்டுத் திருகினாள். பிறகு பையைத் துழாவி, மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அவ தலகாணிக்கு அடியில இருந்துச்சு மேடம். சேர்த்து வெச்சிருக்கா."

ஆலோசகர் அட்டைகளை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். சரக்கு மேஜைக்கு வந்தாயிற்று. அது யாருடையது என்று ஒப்புக்கொள்வதுதான் பாக்கி.

யாராவது ஹாஸ்டலுக்கு வர முடியுமா என்று கேட்டாள் மாணவி. உடனே முடியாது. வெளியே பலகையிலேயே எழுதிப் போட்டிருந்தது. யாருக்கு மனசு சரியில்லையோ அவரே வந்து, அவர் வாயாலேயே சொன்னால்தான் டாக்டரிடம் அனுப்புவார்கள். முன்பொரு முறை ஒரு வகுப்பே சேர்ந்துகொண்டு, பிடிக்காத பையன் ஒருவனைப் பைத்தியம் என்று சொல்லி ஆஸ்பத்திரி வண்டியை வரவழைத்து வேடிக்கை பார்த்ததில் வந்த விதி அது. நேரில் வராதவரை ஆள் போய்ப் பார்ப்பதென்றால் வரிசைதான். வரிசையில் நின்றால் அடுத்த மாதக் கடைசி.

"அவ்வளவு நாள் தாங்காது மேடம்" என்றாள். கதவைப் பார்த்தாள். "நான் போகணும். அவ தனியா இருக்கா." சொல்லிவிட்டு எழுந்தும் நின்றாள்.

போகிறேன் என்று வாசலில் கால் வைக்கிற ஆள்தான் நிச்சயம் வாங்கப்போகிற ஆள் என்பது ஆலோசகருக்குப் பாலோடு புகட்டிய பாடம். அவளைத் தட்டிக்கொடுத்து உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். உடம்புக்குக் காய்ச்சல் வருவது போலத்தான் மனசுக்கும் வருகிறது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். ரூம்மேட்டின் பெயரைச் சொல்ல அவள் வாயெடுத்தபோது, பெயரெல்லாம் இப்போது வேண்டாம் என்று பதமாகத் தடுத்துவிட்டார்.

"அந்த ரூம்மேட்ட கொஞ்ச நேரம் ஓரமா வெச்சிடலாம். உன்னப் பத்தி மட்டும் சொல்லு. உன் வாயால சொல்லிட்டா இப்பவே டாக்டருக்கு ஃபோன் பண்றேன். வண்டி வரும், கூட நர்ஸ் வருவாங்க. வரிசையே கிடையாது."

மாணவி தலையை நிமிர்த்தினாள். "வண்டி உடனே வருமா?"

"உடனே."

"நர்ஸும் வருவாங்களா?"

"வருவாங்கம்மா."

அவள் இன்னொரு முறை கதவைப் பார்த்தாள். பேரம் படியாமல் அலுத்துப்போய், கடைக்காரர் சொன்ன விலையையே எடுத்து நீட்டுகிறவரின் குரலில் சொன்னாள்.

"சரி மேடம். எனக்குத்தான்."

ஆலோசகருக்கு மனசு நிறைந்துபோயிற்று. டாக்டரைக் கூப்பிட்டு, அவசரம் என்பதை அழுத்தி அழுத்திச் சொன்னார். வாய்விட்டுச் சொல்லிவிட்டவர்களை எப்படியும் காப்பாற்றிவிடலாம் என்பது அவர் அனுபவம். சொல்லாமல் போனவர்கள் சிலர் உண்டு. அவர்கள் முகங்கள் இன்னும் அவர் தூக்கத்தில் வந்துபோகின்றன. இந்தப் பெண்ணின் முகம் அந்தக் கூட்டத்தில் சேராது.

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், மாணவி கதவருகே போய்க் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் ஓய்ந்தது. ஆலோசகர் அவள் தோளில் கை வைத்தார்.

கீழே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"வந்தாச்சு, வா போகலாம். யாருக்கும்மா ஃபோன்? அம்மாவுக்கா?"

"ரூம்மேட்டுக்கு. எடுக்க மாட்டேங்கறா மேடம்."