திரும்பி வந்த தேங்காய்

பிள்ளையார்மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

தன் பூட்டனார் ஊர்க் கோயிலின் மணியகாரர் என்று பாரிஸின் லா சப்பல் கடைகளில் முப்பது வருடம் பெருமை பேசியவர் பொன்னம்பலம். சம்பந்திகளுக்குக் காட்டவென்று, விக்டோரியா மகாராணி காலத்து யாழ்ப்பாணப் பத்திரிகைகளை இணையத்தில் தேடினார். அதே பெயர், அதே ஊர், அகப்பட்டது. தேருக்கு முன் உடைக்கக் குவித்திருந்த தேங்காய்களில் இருபத்தொன்றைத் திருடிப் பிடிபட்டு மறியற்சிறைக்குப் போனவர் என்று செய்தி. இருபது மீட்கப்பட்டன, ஒன்று கிடைக்கவில்லை.

பொன்னம்பலத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. மனைவி கோசலையிடம் மூச்சும் விடவில்லை. அந்த ஒன்றையாவது கொடுத்துவிடுவோமென்று ரூ பெர்தொனே தெருக் கடையில் ஒரு தேங்காய் வாங்கி, லா சப்பலில் பிள்ளையார் தேர் ஓடிய அன்று தெருவில் அடித்தார். சரிபாதியாக உடைந்தது. வெறும் பையோடு புறநகர் ஸ்தேனுக்கு வீடு திரும்பினார்.

கோசலை பையைத் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, உடைக்கக் கொண்டுபோன தேங்காயை ஏன் திருப்பிக் கொண்டந்தனீங்கள்?"

"உடைச்சிட்டனே!"

"அப்ப இதென்ன, குட்டி போட்டதோ?"

குடுமியோடு முழுத் தேங்காய். அடுத்த வருடமும் புதிதாக ஒன்று வாங்கி உடைத்தார். அடுத்த வருடமும் பைக்குள் கிடந்தது. மூன்றாம் வருடமும் அப்படியே கிடக்க, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"கள்ளத் தேங்காயிலை நான் சம்பல் இடிக்கமாட்டன்," என்றாள் கோசலை.

மூன்றும் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து யன்னலடியில் இருக்கின்றன. முளைக்கவுமில்லை, அழுகவுமில்லை.

வெட்கத்தில் பொன்னம்பலம் திறந்தே பார்க்காத, அந்தச் செய்திக்கு அடுத்த கிழமைப் பத்திரிகையில் இரண்டு வரி இருக்கிறது: அந்தக் கள்ளன் கலியாணம் கட்டாமலே, பிள்ளைகுட்டி இல்லாமல் மறியலில் செத்துப்போனான்.