அக்காவுக்குப் பன்னிரண்டு

தங்கைக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. எத்தனை வருடத்தில் இருவர் வயதும் ஒன்றாகும்?

கரும்பலகையில் 9 + அ = 12 + அ என்று எழுதினேன். விடையே இல்லாத சமன்பாடும் உண்டு என்று காட்டத்தான். மலாயாவில், யோங் பெங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒத்துக்கொண்டார்கள். அங்கம்மா மட்டும் சிலேட்டில் மூன்று என்று எழுதினாள். அழிக்க அழிக்க அதையே எழுதினாள். விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை வறண்டது.

பிரம்பை எடுத்தேன். “அக்காவுக்கும் வயசு ஏறும்ல?”

“எங்கக்காவுக்கு ஏறல சார். பன்னெண்டுல காய்ச்சல்ல செத்துப்போச்சு. மூணு வருசத்துல நான் எட்டிப் பிடிச்சிட்டேன். இப்ப எனக்குப் பதிமூணு. என் பழைய பாவாடையெல்லாம் அதுதான் கட்டுது.”

“செத்தவ எப்படிக் கட்டுவா?”

அவள் வெளியே பார்த்தாள். ரப்பர் மரத்தடியில், அங்கம்மா போன வருடம் கட்டிவந்த பச்சைப் பாவாடையில் ஒரு சிறுமி நின்றாள்.

அளவு சரியாக இருந்தது.