வியாழக்கிழமை வகுப்பு

கௌசிகாவின் கொப்பியில் வெள்ளைத் தூள் விழுந்தது.

சோக்குத் தூள் என்று நினைத்து ஊதிவிட்டு அவள் மறுபடியும் எழுதத் தொடங்கினாள். அவள் இருந்தது நடு வரிசையில். கரும்பலகையிலிருந்து சோக்குத் தூள் அவ்வளவு தூரம் பறக்காது.

கரும்பலகையருகே நின்ற ஜெயரூபி பேச்சை நிறுத்தவில்லை. கிண்ணியாப் பாலம் வருமுன் சனம் எப்படித் துறையில் காத்துக் கிடந்தது என்று சொல்லிக்கொண்டே, மேலே பார்த்தாள்.

உப்புவெளிக் கடற்கரையை ஒட்டிய அந்த மாடிப் பள்ளிக்கூடத்துக்கு அவள் வரத் தொடங்கி நாலு மாதம். ஒவ்வொரு வியாழனும் பத்து மணிக்கு வருவாள். சம்பளம் கிடையாது. ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் பெண்பிள்ளைகளிடம், பயப்படாமல் கணிதப் பிரிவை எடுங்கள், நீங்களும் எஞ்சினியராகலாம் என்று சொல்வாள். பேராதனையில் எஞ்சினியரிங் படித்தவள். பதினொரு வருடமாக வீட்டோடு இருக்கிறாள். பிள்ளைகளுக்காக நல்ல உத்தியோகத்தைத் தூக்கிப் போட்ட தாய் என்று ஊரில் அவளுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

நடு வரிசைக்கு நேர் மேலே ஓடியது கொங்கிறீட் பீம். அது தூணோடு சேருமிடத்தில் சரிவாக ஒரு வெடிப்பு. முதல் நாளே கண்டுவிட்டாள். வகுப்புத் தொடங்குமுன் கதிரையில் ஏறி, வெடிப்பின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுவாள். அதிபரிடம் இரண்டு தரம் சொல்லியும் பார்த்தாள்.

இன்று பஸ் பிந்திவிட்டது. கதிரையில் ஏற நேரம் கிடைக்கவில்லை.

ஏறத் தேவையும் இருக்கவில்லை. கீழிருந்து பார்க்கவே தெரிந்தது. வெடிப்பு போன வியாழன் போட்ட கோட்டைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது. போன கிழமை தலைமயிர் நுழையாத இடத்தில் இன்று ஒரு ரூபாய்க் குற்றி நுழையும்.

மேல்மாடியில் யாரோ இரும்பு அலுமாரியை இழுத்தார்கள். நூலகத்தை நேற்றுத்தான் மேலே மாற்றியிருந்தார்கள்.

மறுபடியும் தூள்.

வகுப்பில் முப்பத்துநாலு பிள்ளைகள். ஒரே ஒரு வாசல். கத்தினால் எல்லோரும் ஒன்றாய் எழும்பி ஓடுவார்கள்.

“பிள்ளையள், கொப்பி எல்லாம் அப்பிடியே கிடக்கட்டும், வெளியில வாங்கோ. அந்த வேப்பமரம் எத்தினை மீற்றர் எண்டு நிழலை வைச்சே கண்டுபிடிப்பம். நடு வரிசை முதல்.”

குரல் நடுங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சிரித்துக்கொண்டு போனார்கள். வாசலில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினாள். இருபத்தொன்பது வரை வந்தபோது, வெளியே போன கௌசிகா திரும்பி உள்ளே நுழையப் பார்த்தாள். கொம்பாஸ் பெட்டியை விட்டுவிட்டாளாம். ஜெயரூபி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

முப்பத்துநாலு.

அதிபர் சிவகுருநாதன் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து மூன்று வருடம். ஜெயரூபி அவருடைய அறைக்குப் போய் வெடிப்பைப் பற்றிச் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்த கடிதத்திலிருந்து அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“போன வருஷம் திணைக்களத்தால வந்து பாத்தவை, வெடிச்சது பூச்சு மட்டும்தான் எண்டு எழுதித் தந்தவை, தங்கச்சி. மேல எட்டாம் ஆண்டுக்குச் சோதினை நடக்குது. இப்ப ஒண்டும் செய்ய ஏலாது.”

ஜெயரூபி வாதாடவில்லை. வெளியே வந்தாள். விறாந்தையில் தொங்கிய மணியின் கோலை எடுத்தாள். அடித்து நொறுக்க வேண்டும்போல் இருந்தது. பிள்ளைகள் படியில் ஒருவரையொருவர் தள்ளக்கூடாது. அதனால் இடைவேளை மணியைப் போல, நிதானமாக, எண்ணி ஆறு தரம் அடித்தாள்.

மாடியில் கதிரைகள் அரக்கும் சத்தம். பிறகு படிகளில் சப்பாத்துச் சத்தம். விடைத்தாள்களைக் கையில் பிடித்தபடி பிள்ளைகள் முற்றத்தில் இறங்கினார்கள். கடைசியாய் நூலக ஆசிரியையும் இறங்கி வந்தாள்.

அதிபர் முகம் சிவக்க ஓடிவந்தார். ஒரு பள்ளிக்கூடத்தின் மணியில் கைவைக்க அவளுக்கு யார் உரிமை தந்தது என்று கேட்டார். இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார். பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள்.

அவர் பேசி முடிக்கவில்லை. வகுப்பறைக்குள் நெல் மூட்டை விழுந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது.

தூசி யன்னல் வழியாக மெல்ல வெளியே வந்தது.

அதிபர்தான் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தார். நடு வரிசை மேசைகள் இரண்டு பிளந்து கிடந்தன. பீமின் அடிப்பக்கம் ஒரு ஆள் நீளத்துக்குப் பெயர்ந்துவிட்டது. உள்ளே இருந்த கம்பிகள் பெருவிரல் பருமன் இருந்திருக்க வேண்டும். ஈர்க்குச்சி அளவுக்குத் தேய்ந்து, துருப்பிடித்துத் தொங்கின.

அவர் திரும்பி ஜெயரூபியிடம் வந்தார்.

“வெளியில பூச்சுத்தானே தெரிஞ்சது. உள்ளுக்க இப்பிடி இருக்குமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

பதினொரு வருடமாக ஒருவருக்கும் சொல்லாதது. கணவனுக்குக்கூட.

“கடல் மண்ணில குழைச்ச கொங்கிறீட், சேர், உப்பு கம்பியைத் தின்னும். இந்தக் கட்டிடம் கட்டேக்க நான்தான் இஞ்ச எஞ்சினியர். மண்ணை நாக்கில வைச்சுப் பாத்தனான், உப்புக் கரிச்சது. பாத்திட்டுத்தான் சரியெண்டு கையெழுத்து வைச்சனான்.”